வீட்டு ஸ்டுடியோ பாட்டுக்கு வெளியூர் ஃப்ளூட்காரரை வாசிக்க வைக்கிறது எப்படி

தம்பி, உங்க கேள்வி ரொம்ப நீளமா இருந்துச்சு, நான் புரிஞ்சுகிட்டதை மொதல்ல சொல்லிடறேன். தூத்துக்குடியில வீட்டு ரூம்ல ஒரு இன்டர்ஃபேஸ் (மைக்கை கம்ப்யூட்டர்ல சேக்கற பெட்டி), ஒரு கன்டென்சர் மைக், கியூபேஸ்னு ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வச்சு சொந்தமா பாட்டு பண்றீங்க. இப்ப பண்ற பாட்டு டி மைனர் ஸ்கேல், வேகம் 92 பிபிஎம் (நிமிஷத்துக்கு 92 அடி). ஃப்ளூட்டும் வயலினும் கீபோர்டு சாம்பிள்ல (முன்னாடியே பதிஞ்சு வச்ச சத்தம்) போட்டிருக்கீங்க, அது பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கு, நிஜ ஆள் வாசிக்கணும். பக்கத்துல ஆள் கிடைக்கல, ஆன்லைன்ல பிடிச்சா காசு போயிடுமோன்னு பயம், ஆள் கிடைச்சாலும் அவருக்கு என்ன அனுப்பணும்னு தெரியல.

காசு போறதை பத்தி அப்புறம் சொல்றேன், ஏன்னா நான் பாத்த வரைக்கும் ஏமாத்துக்காரன்கிட்ட போன காசை விட, நல்ல ப்ளேயர்கிட்ட சரியா சொல்லத் தெரியாம ரெண்டு தடவை மூணு தடவை வாசிக்க வச்சு போன காசுதான் அதிகம், அதுல என் காசும் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க, கோடம்பாக்கத்துல பழைய காலத்துல எல்லாரும் ஒரே ஹால்ல உக்காந்து வாசிச்சாங்க. ஃப்ளூட்காரருக்கு ஒரு எடம் புரியலைன்னா மியூசிக் டைரக்டர் எந்திரிச்சு வந்து வாயாலயே பாடிக் காமிச்சுடுவார், கையை இப்படி வளைச்சா அது ஒரு ஜாரு (வழுக்கிப் போறது), இப்படி வெட்டினா அங்க நிறுத்து, அவ்வளவுதான், அடுத்த டேக் ஓகே. இப்ப நீங்க தூத்துக்குடியில, அவர் சென்னையிலயோ திருச்சியிலயோ, நடுவுல அந்த வாயும் இல்ல கையும் இல்ல. அதுக்கு பதிலா நாம என்ன அனுப்பறோம்? ஒரு மிடி ஃபைல், அதாவது எந்த நோட்டை அமுக்கினோம்ங்கிற குறிப்பு மட்டும், சத்தம் இல்ல. மிடியில நோட்டு எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு இருக்கும், ஆனா பிட்ச் பெண்டு (சுருதியை வளைக்கிறது) போட்டு மாஞ்சு மாஞ்சு பண்ணாத வரைக்கும் ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு எப்படி போகணும்னு அதுல ஒண்ணுமே இருக்காது. நம்ம இசையில பாதி விஷயம் அந்த போற வழியிலதான இருக்கு. ப்ளேயர் உங்க மிடியை கேட்டுட்டு அதே மாதிரி நேரா நேரா வாசிச்சு அனுப்புவார், நீங்க "என்ன சார் உயிரே இல்ல"ன்னு சொல்லுவீங்க. அவர் என்ன பண்ணுவார், நீங்க அனுப்புனதைத்தான வாசிச்சார்.

அதனால நான் எல்லாருக்கும் சொல்ற முதல் விஷயம், வாயால பாடி அனுப்புங்க. குரல் நல்லா இருக்கணும்னு அவசியமே இல்ல, என் குரலை கேட்டா பக்கத்து வீட்டு நாய் ஓடிடும், நானே பாடி அனுப்பறேன். பாட்டை ஹெட்போன்ல போட்டுட்டு ஃப்ளூட் வர்ற எடத்துல எல்லாம் தாரா ரீரான்னு எப்படி வேணுமோ அப்படி பாடி ஒரு தனி ட்ராக்கா ரெக்கார்ட் பண்ணுங்க. ஸ்வரம் தெரிஞ்சா ஸ்வரமா பாடினா இன்னும் நல்லது. தாள வாத்தியத்துக்கும் இதேதான், மிருதங்கமோ தபலாவோ வேணும்னா லூப் போட்டு அனுப்பறதை விட சொல்லா சொல்லி அனுப்பறது மேல். ஏழு எண்ணிக்கை பாட்டுன்னா "செவன் பை எய்ட்"னு எழுதறதோட விட்டுடாம தகிட தகதிமியா, தகதிமி தகிடவான்னு வாயால சொல்லிடுங்க, அது ரெண்டும் வேற வேற நடை, இதை எழுதிப் புரிய வைக்க முடியாம நான் ஒரு முழு நாள் மெசேஜ்ல சண்டை போட்டிருக்கேன்.

அடுத்தது ஸ்கேல். "டி மைனர்"னு மட்டும் சொல்றது கிடார்காரருக்கு போதும், ஃப்ளூட்காரருக்கு பத்தாது. ரெண்டு கட்டைன்னு, அதாவது சா எந்த சுருதியிலன்னு சொல்லுங்க, ஏன்னா ஃப்ளூட் ஒவ்வொரு கட்டைக்கும் ஒண்ணு, அவர் பையில இருந்து எதை எடுக்கணும்னு முடிவு பண்றதே அதை வச்சுத்தான். அப்புறம் ராகச் சாயல். உங்க பாட்டு சுத்தமா டி மைனர் ஸ்வரம் மட்டும்னா அது நடபைரவி ராகம் பக்கம். ஆனா நீங்க சரணத்துல ஏ மேஜர் கார்டு போட்டிருக்கேன்னு சொல்றீங்க, அதுல சி ஷார்ப் வருது, அங்க காகலி நிஷாதம் (மேல் நி), அதாவது கீரவாணி ராகச் சாயல். இதை சொல்லாம விட்டா அவர் கைசிகி நிஷாதத்துல (கீழ் நி) அழகா ஒரு கமகம் (ஸ்வரத்தை அசைக்கிறது) போட்டு அனுப்புவார், தனியா கேட்டா கண்ணுல தண்ணி வரும், கார்டோட சேத்தா பல்லு கூசும். நீங்க கர்நாடக சங்கீதம் படிக்கலைன்னா பரவாயில்ல, கார்டு எல்லாத்தையும் வரிக்கு வரி எழுதி அனுப்பிடுங்க, அவர் பாத்துப்பார்.

இங்கதான் என்னோட ஒரு பெரிய அசட்டுத்தனம். அஞ்சாறு வருஷம் முன்னாடி ஒரு பாட்டு, தற்காலிகமா ட்ராக் பாடின பையன் குரலுக்கு ஸ்கேல் வச்சு ஃப்ளூட் வாசிக்க வச்சுட்டேன், அருமையா வந்துச்சு. அப்புறம் நிஜமா பாட வேண்டியவங்க வந்தாங்க, மேல எட்டல, ஒரு கட்டை எறக்கணும்னாங்க. மத்ததெல்லாம் மிடி, எறக்கிட்டேன், ஃப்ளூட்டை சாஃப்ட்வேர்ல ஒரு கட்டை எறக்கினா மூச்சு சத்தமெல்லாம் சளி பிடிச்சவன் மாதிரி ஆயிடுச்சு. மறுபடி முழு காசு குடுத்து மறுபடி வாசிக்க வச்சேன், அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அதனால குரல் முடிஞ்சு ஸ்கேல் உறுதியான பிறகுதான் ப்ளேயருக்கு போன் போடணும். டெம்போவும் அப்படித்தான்.

இப்ப ஃபைல் விஷயம். இது போர், ஆனா பாதி குழப்பம் இங்கதான் வருது. நாலு ஃபைல் போதும், ஃப்ளூட் இல்லாத முழு மிக்ஸ் ஒண்ணு, வெறும் கிளிக் (தாளம் காட்டற டிக் டிக்) ஒண்ணு, நீங்க பாடின கைடு ஒண்ணு, பாடகர் குரல் தனியா ஒண்ணு. நாலும் ஒரே எடத்துல ஆரம்பிக்கணும், முதல் பாரோட (தாளத்தோட ஒரு சுத்து) முதல் புள்ளியில, ஃப்ளூட் ரெண்டாவது நிமிஷத்துலதான் வருதுன்னாலும் சரி. அவர் திருப்பி அனுப்பும்போதும் அதே முதல் புள்ளியில இருந்தே எக்ஸ்போர்ட் பண்ணச் சொல்லுங்க, அப்பதான் நீங்க ப்ராஜெக்ட்ல இழுத்துப் போட்டா தானா உக்காரும். முன்னாடி ரெண்டு பார் கவுன்ட் விடுங்க.

வேவ் ஃபைலா அனுப்புங்க, 24 பிட், உங்க ப்ராஜெக்ட் என்ன சாம்பிள் ரேட்டோ (44.1, 48 கிலோஹெர்ட்ஸ்னு வருமே) அதே. வீடியோவோட வெளியிடப் போறீங்கன்னா ஆரம்பத்துலயே 48 கிலோஹெர்ட்ஸ் வச்சுடுங்க. "எம்பி3 அனுப்பினா என்ன, கேக்கறதுக்குத்தான"ன்னு தோணும். எம்பி3 ஆக்கும்போது ஃபைலோட தலையில கொஞ்சம் வெத்து நேரம் ஒட்டிக்கும், லேம்னு எம்பி3 ஆக்கற ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு திறந்தா, 44.1-ல சுமார் 25 மில்லிசெகண்ட். சில சாஃப்ட்வேர் அதை தானா கழிச்சுடும், சிலது கழிக்காது. அவர் அந்த 25 மில்லிசெகண்ட் தள்ளின பாட்டுக்கு கரெக்டா வாசிச்சிருப்பார், உங்க ப்ராஜெக்ட்ல போட்டா எல்லாமே சொணங்கிப் போய் கேக்கும், "ப்ளேயருக்கு டைமிங் இல்ல"ன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லுவீங்க, பாவம். அதே மாதிரி 44.1-ல ரெக்கார்ட் பண்ணின ஃபைலை 48 ப்ராஜெக்ட்ல கன்வெர்ட் பண்ணாம போட்டா வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடி, சுருதி ஒன்றரை செமிடோன் ஏறிடும், இது நடந்தா பயப்படாதீங்க, ஃபைல் கெட்டுப் போகல, இம்போர்ட் பண்ணும்போது கன்வெர்ட் டிக் பண்ணினா போதும். வாட்ஸ்அப்புல அனுப்பறதா இருந்தா டாக்குமெண்டா அனுப்பணும். ஒரு மோனோ ட்ராக் 24 பிட் 48-ல நிமிஷத்துக்கு எட்டரை எம்பி சொச்சம்தான், நாலு நிமிஷப் பாட்டு 35 எம்பிக்குள்ள அடங்கிடும், டிரைவ்ல போட்டு லிங்க் குடுக்கறது அதை விட நிம்மதி.

ஆளை எங்க பிடிக்கிறதுன்னு கேட்டீங்க. வெளிநாட்டு சைட்டுகள் இருக்கு, சவுண்ட்பெட்டர், ஏர்கிக்ஸ், ஃபைவர் மாதிரி. சவுண்ட்பெட்டர் 2012-ல ஆரம்பிச்சது, 2019-ல ஸ்பாட்டிஃபை வாங்குச்சு, 2021-ல ஆரம்பிச்சவங்களே திருப்பி வாங்கிட்டாங்க. இந்த மாதிரி எடத்துல நல்லது என்னன்னா பணம் நடுவுல நிக்கும், வேலை கைக்கு வந்து நீங்க ஓகே சொன்னாத்தான் அவருக்கு போகும். கெட்டது கமிஷன், ஃபைவர் வாசிக்கிறவர்கிட்ட 20 சதவீதம் எடுக்குது, அதை அவர் ரேட்டுல ஏத்தித்தான வச்சிருப்பார். எலக்ட்ரிக் கிடார், பேஸ், டிரம்ஸ், செல்லோ இதுக்கெல்லாம் அங்க பிரமாதமான ஆளுங்க இருக்காங்க. பேஸ் கிடார் ரிமோட்டுக்கு ரொம்ப சுலபம், வயரை இன்டர்ஃபேஸ்ல நேரா சொருகி எடுத்தா ரூமே தேவையில்ல. டிரம்ஸ்தான் கஷ்டம், எட்டு பத்து மைக், நல்ல ரூம், எல்லாம் அவர்கிட்ட இருக்கணும், அதனால காசும் அதிகம். ஆனா உங்க பாட்டு நம்ம ஊர் ஃப்ளூட், கமகம் வேணும், அதுக்கு அங்க தேடறதை விட இங்க தேடறது நல்லது.

இங்கன்னா எங்க? ரீல்ஸ் பாத்து முடிவு பண்ணாதீங்க, அதுல ரிவர்ப் (எதிரொலி எஃபெக்ட்) ஊத்தி வச்சிருப்பாங்க. உங்களை மாதிரி பாட்டு பண்ற இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேளுங்க, அவங்க யாரை ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாங்களோ அந்த ஆள்தான் சரியான ஆள். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரியில படிச்சு முடிச்ச பசங்க நெறைய பேர் இப்ப வீட்லயே மைக் வச்சு வாசிச்சுக் குடுக்கறாங்க, கச்சேரி வித்வான் அளவுக்கு பேர் இருக்காது, ஆனா கிளிக்குக்கு வாசிச்சுப் பழகியிருப்பாங்க. இது முக்கியம் தம்பி, பெரிய வித்வான் எல்லாருக்கும் கிளிக் ஒத்துவராது. பிடிச்ச ஆள்கிட்ட "எஃபெக்ட் ஒண்ணும் போடாம, உங்க ரூம்ல, உங்க மைக்ல ஒரு நிமிஷம் வாசிச்சு வேவ் அனுப்புங்க"ன்னு கேளுங்க. அதுல வாசிப்பை மட்டும் கேக்காதீங்க, நிறுத்தின பிறகு வர்ற அமைதியைக் கேளுங்க, ஃபேன் சத்தம், ஏசி உறுமல், காக்கா, குக்கர் விசில், ரூம் எதிரொலி எல்லாம் அங்கதான் மாட்டும். ஃபேனை நிறுத்த மனசு வராத ஆள்கிட்ட எவ்வளவு நல்ல மைக் இருந்தாலும் பிரயோஜனமில்ல, மே மாசத்துல இதைக் கேக்கவே பாவமாத்தான் இருக்கும், என்ன பண்றது, காலையில அஞ்சு மணிக்கு வாசிக்கச் சொல்லுங்க.

நாதஸ்வரம், தவில், பறை மாதிரி பெரிய சத்தம் வேணும்னா கதை வேற. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அசத்தலா வாசிக்கிறவங்க இருப்பாங்க, வீட்ல மைக் இருக்காது, இருந்தாலும் பத்துக்குப் பத்து ரூம்ல நாதஸ்வரம் எடுத்தா சுவர்தான் கேக்கும். அங்கயே பக்கத்துல ஒரு ஸ்டுடியோவை ரெண்டு மணி நேரம் புக் பண்ணி, இன்ஜினியர்கிட்ட நீங்க போன்ல பேசிட்டு, அவரை அங்க வரச் சொல்றதுதான் வழி. முகூர்த்தம் இல்லாத நாளா பாத்து கூப்பிடுங்க, வைகாசியில ஆவணியில போன் பண்ணி "இந்த வாரமே வேணும்"னா சிரிப்பாங்க. அதே மாதிரி கர்நாடக வயலின், மிருதங்கக்காரங்களை டிசம்பர் சீசன்ல தொல்லை பண்ணக் கூடாது.

ரேட்டு எவ்வளவுன்னு ஒரு நம்பர் கேட்டிருக்கீங்க, குடுக்க மாட்டேன், ஏன்னா ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம், நான் சொல்ற நம்பரை வச்சு நீங்க ஒரு நல்ல ஆள்கிட்ட பேரம் பேசினா அவர் மனசு கஷ்டப்படும். அதுக்கு பதிலா எதைக் கேக்கணும்னு சொல்றேன். சினிமாவுல கால்ஷீட் கணக்கு, ரிமோட்ல பெரும்பாலும் பாட்டுக்கு இவ்வளவுன்னு பேசுவாங்க. ஆனா பாட்டுன்னா என்ன? ரெண்டு பிட்டா, முழுக்க பின்னாடி வாசிக்கணுமா, ஹார்மனி லேயர் உண்டா? எத்தனை டேக் குடுப்பார், எத்தனை கரெக்‌ஷன் அந்த காசுக்குள்ள, எத்தனை நாள்ல? இதுல நான் வச்சிருக்கிற நியாயம் ஒண்ணுதான், அவர் தப்பா வாசிச்சிருந்தா அவர் கணக்கு, நீங்க மனசு மாறினா உங்க கணக்கு. பாதி முன்பணம், பாதி ஃபைல் வந்த பிறகுன்னு பேசறது சகஜம். முதல் தடவை, தெரியாத ஆள்னா எட்டு பார் மட்டும் தனியா காசு குடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்க, அதுல போற காசுதான் உங்க பயத்துக்கு மருந்து. ரூம் சத்தம் பாக்க கேட்ட அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர, உங்க பாட்டை ஓசியில வாசிச்சுக் காட்டச் சொல்லாதீங்க.

இப்ப புதுசா ஒரு தொல்லை, சிலர் சாம்பிள் லைப்ரரியில அடிச்சுட்டு நிஜமா வாசிச்சதுன்னு அனுப்பறாங்க. டேக் எடுக்கும்போது போன்ல ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பாட்டு ரிலீஸ்ல போடவும் உதவும்னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, போடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பெர்க்யூஷன்காரர்கிட்ட லூப் எதுவும் சேக்கலைன்னு கேட்டு வாங்குங்க, அதே லூப்பை இன்னொருத்தன் தன் பாட்டுல போட்டு ரிஜிஸ்டர் பண்ணியிருந்தா யூடியூப்ல உங்க பாட்டுக்கு க்ளெய்ம் வந்து நிக்கும்.

நேரலையில சேந்து வாசிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. முடியாதுன்னு வச்சுக்கங்க. சத்தம் காத்துல ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும், பத்து மீட்டர் தள்ளி நிக்கிற ஆள் வாசிக்கிறதே 29 மில்லிசெகண்ட் லேட்டாத்தான் நமக்கு கேக்குது, அதுக்கு மேல போனாலே தாளம் இழுக்க ஆரம்பிக்கும், இன்டர்நெட்ல தாமதம் அதை விட அதிகமா ஆயிடும். அவர் வாசிக்கிறதை நீங்க இங்க உக்காந்து கேட்டுட்டு "இன்னொரு தடவை"ன்னு சொல்றது மட்டும் முடியும், அதுக்கு லிசன்டூ, சோர்ஸ் கனெக்ட்னு சாஃப்ட்வேர் இருக்கு. ஜூம்ல பண்றீங்கன்னா ஒரிஜினல் சவுண்ட் ஆன் பண்ணச் சொல்லுங்க, இல்லைன்னா நீண்ட ஃப்ளூட் நோட்டை இரைச்சல்னு நினைச்சு அது கரகரன்னு கடிச்சுத் துப்பிடும்.

திருப்பி வாங்கும்போது ரிவர்ப், ஈக்யூ, கம்ப்ரஷன் எதுவும் இல்லாத ஃபைல் வாங்குங்க. ஒருத்தர் எனக்கு வயலினை கோயில் மண்டபத்துல வாசிச்ச மாதிரி ரிவர்போட அனுப்பினார், ஒரிஜினல் அழிச்சுட்டேன்னு வேற சொன்னார். பீக், அதாவது சத்தத்தோட உச்சம், மைனஸ் 6 டெசிபல் தாண்டாம இருக்கட்டும். மூச்சு சத்தத்தை வெட்ட வேணாம்னு சொல்லுங்க, ஃப்ளூட்டுல மூச்சும் வாசிப்புதான். கடைசியில பத்து செகண்ட் சும்மா ரூம் சத்தம், இரைச்சல் எடுக்க அது உதவும். முக்கியமா, நீங்க சொன்ன மாதிரி ரெண்டு டேக் வாசிச்ச பிறகு, "உங்களுக்கு தோணுற மாதிரி ஒண்ணு வாசிங்க சார்"னு ஒரு டேக் கேளுங்க. நான் கடைசியில பாட்டுல வச்சது பாதிக்கு மேல அந்த டேக்தான். வந்ததும் பிட்ச் கரெக்‌ஷனைத் தூக்கிப் போட்டு கமகத்தை எல்லாம் நேராக்கிடாதீங்க, அதுக்கு சாம்பிளே போதுமே.

பேப்பர் வேலை ஒண்ணு இருக்கு, எல்லாரும் விட்டுடறது. காசு குடுத்துட்டோம்ல, எல்லாம் நம்மளதுன்னு நினைப்போம். 1957 காப்புரிமைச் சட்டத்துல வாசிக்கிறவருக்குன்னு தனி உரிமை இருக்கு, வணிக ரீதியா பயன்படுத்தினா ராயல்டிக்கு அவருக்கு உரிமை உண்டுன்னு 2012 திருத்தம் சொல்லுது. உரிமையை எழுதி வாங்கறதா இருந்தா அது எழுத்துல, அவர் கையெழுத்தோட இருக்கணும். அதுல எத்தனை வருஷம்னு போடலைன்னா 5 வருஷம்னும், எந்த நாடுன்னு போடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னும் சட்டமே எடுத்துக்கும். உங்க பாட்டை யாழ்ப்பாணத்துலயும் டொரண்டோவுலயும் கேக்கப் போறாங்க, அதனால ஒரு பக்கத்துல பாட்டு பேரு, என்ன வாசிச்சார், எவ்வளவு குடுத்தீங்க, எவ்வளவு காலம், எந்தெந்த நாடு, கிரெடிட்ல பேர் எப்படி வரணும், இதை எழுதி கையெழுத்து வாங்கி ஸ்கேன் பண்ணி வச்சுக்கங்க. நான் வக்கீல் இல்ல, பெரிய கம்பெனிக்கு பாட்டு போகுதுன்னா ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க.

கடைசியா உங்க வயலின். நீங்க எழுதியிருக்கறது சோலோ இல்ல, பத்து பேர் சேந்து வாசிக்கிற செக்‌ஷன். ஒரே ஆளை பத்து தடவை வாசிக்க வச்சா பத்து வயலின் ஆகாது, அதே வயலின், அதே ரூம், அதே விரல் அசைவு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரு மாதிரி தகர டப்பா சத்தம் வரும். டேக்குக்கு டேக் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, மைக்கை மாத்தி, வேற வயலின் இருந்தா அதையும் எடுத்து வாசிச்சா கொஞ்சம் சமாளிக்கலாம், ரெண்டு பேர்கிட்ட தனித்தனியா வாங்கினா இன்னும் மேல். பெரிய படத்துக்காரங்க புடாபெஸ்ட், ஸ்கோப்யே மாதிரி வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ராகிட்ட போறது இதனாலதான், நமக்கு இப்ப அது வேணாம். உங்க சாம்பிள் ஸ்டிரிங்ஸை அப்படியே அடியில வச்சுட்டு, மேல மெலடி லைனை மட்டும் ஒரு நிஜ வயலின் ரெண்டு தடவை வாசிக்கட்டும், காதுக்கு மொத்தமும் நிஜம் மாதிரி தெரியும். அதுவும் ஃப்ளூட் முடிஞ்ச பிறகு, ஃப்ளூட்காரர் நீங்க நினைக்காத எடத்துல எதையாவது அழகா வாசிச்சு வச்சிருப்பார், அதைக் கேட்டுட்டு வயலின் லைனை நீங்களே மாத்தி எழுதுவீங்க பாருங்க.